குர்பானி இறைச்சி: தஷ்ரீக் வெயில் முதல் உறைபெட்டி வரை

தியாகத் திருநாளை அடுத்து வரும் துல்ஹஜ் 11, 12, 13 ஆகிய மூன்று நாட்களும் ‘அய்யாமுத் தஷ்ரீக்’ எனப்படும். தொழுகைகளுக்குப் பின் தக்பீர் முழங்கும் நாட்களாக அவற்றை நாம் அறிவோம். அப்பெயருக்குள் ஓர் உணவு வரலாறும் பொதிந்திருக்கிறது. ‘தஷ்ரீக்’ என்பதற்கு, இறைச்சியை நீளவாக்கில் கீறி வெயிலில் உலர்த்துதல் என்பது ஒரு பொருள். குர்பானி இறைச்சியை அந்நாட்களில் வெயிலில் காயவைத்ததால் இப்பெயர் அமைந்தது என அரபு அகராதி ஆசிரியர்கள் குறிப்பிடுவர். சூரியன் உதித்த பின்னரே பலியிட்டதால் வந்த பெயர் என்று வேறு விளக்கமும் உண்டு.

அவ்வாறு உலர்த்திய இறைச்சிக்குக் ‘கதீத்’ என்று பெயர். அது செல்வர்களின் பண்டமன்று. தம் முன்னிலையில் அச்சத்தால் நடுங்கிய ஒருவரைத் தேற்றிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், தாம் அரசரல்லர் என்றும், கதீத் உண்டு வாழ்ந்த ஒரு பெண்ணின் மகனே என்றும் கூறியதாக இப்னு மாஜாவில் காண்கிறோம். நம் பாட்டிமார் உப்பும் மஞ்சளும் தடவிக் கயிற்றில் கோத்து முற்றத்தில் காயவிட்ட உப்புக்கண்டம் இக்கதீதின் உறவினம்தான். ஈரத்தை வெயில் உறிஞ்சிவிட்டால் இறைச்சி கெடாது என்னும் அறிவு இரு நாட்டு மக்களுக்கும் பொதுவாக இருந்தது.

சேமிக்கும் வழி தெரிந்திருந்தது. சேமிக்கலாமா என்பதே மதீனாவில் கேள்வியாக எழுந்தது. ஓராண்டு குர்பானிப் பெருநாளையொட்டி, பாலைவனத்து ஏழைக் குடும்பங்கள் பசியோடு நகருக்குள் வந்து சேர்ந்தன. இவ்வாறு கூட்டமாக வந்து சேர்வோரை அரபியில் ‘தாஃப்பா’ என்பர். அப்போது அண்ணலார் (ஸல்), மூன்று நாட்களுக்கு மேல் குர்பானி இறைச்சியை எவரும் வீட்டில் வைத்திருக்கலாகாது என்று ஆணையிட்டார்கள். மறு ஆண்டு, சென்ற ஆண்டு செய்தவாறே செய்ய வேண்டுமா என்று தோழர்கள் வினவினர். உண்ணவும், பிறருக்கு உண்ணக் கொடுக்கவும், சேமித்து வைக்கவும் அனுமதி கிடைத்தது. சென்ற ஆண்டு மக்கள் துன்பத்தில் இருந்தார்கள், அவர்களுக்கு உதவ வேண்டும் என்பதற்காகவே தடுத்தேன் என்பது அதற்கு அவர்கள் சொன்ன விளக்கம். ஸலமா இப்னுல் அக்வஃ (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரியிலும், தாஃப்பாவைக் குறிப்பிடும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பு முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளன.

அனுமதிக்குப் பின் நபித்தோழர்கள் சேமித்தார்கள். ஆட்டுக்காலை எடுத்து வைத்துப் பதினைந்து நாட்களுக்குப் பின் உண்டதாக அன்னை ஆயிஷா (ரலி) கூறுகிறார்கள். அத்தனை நாள் வைத்துண்ண என்ன நெருக்கடி என்று கேட்டவருக்கு, அண்ணலாரின் குடும்பத்தார் தொடர்ந்து மூன்று நாட்கள் குழம்போடு ரொட்டி உண்டதில்லை என்பதையே மறுமொழியாகத் தந்தார்கள். ஹிஜ்ரி 10இல் நிகழ்ந்த விடைபெறும் ஹஜ்ஜின்போது, இறைச்சியைப் பக்குவப்படுத்தி வைக்குமாறு ஸவ்பான் (ரலி) அவர்களிடம் அண்ணலார் பணித்தார்கள். மதீனா சென்று சேரும் வரை அதிலிருந்தே அவர்களுக்கு உணவளித்ததாக ஸவ்பான் கூறுகிறார். அன்று சேமிப்பு என்பது வறுமையிலும் நெடும்பயணத்திலும் கைகொடுக்கும் ஏற்பாடாக இருந்தது.

ஆயினும் ஒரு செய்தி அறிஞர்களைச் சிந்திக்க வைத்தது. பிற்காலத்தில் அலீ (ரலி) அவர்கள் பெருநாள் உரையில் அந்த மூன்று நாள் தடையை மக்களுக்கு மீண்டும் நினைவூட்டினார்கள். அனுமதி பற்றிய செய்தி அவர்களை எட்டவில்லை என்பார் சிலர். இப்னு ஹஸ்ம் வேறு விளக்கம் தருகிறார். ஹிஜ்ரி 35இல் உஸ்மான் (ரலி) முற்றுகையிடப்பட்டிருந்த நாட்களில் அவ்வுரை நிகழ்ந்தது. குழப்பத்தால் விரட்டப்பட்ட பாலைவன மக்கள் மதீனாவில் வந்து அல்லலுற்றனர். பழைய காரணம் திரும்பியதால் பழைய தடையும் திரும்பியது என்பது அவர் கருத்து.

தடை முற்றிலும் நீக்கப்பட்டுவிட்டது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) ‘அர்ரிஸாலா’வில், தாஃப்பா வந்தால் தடை, வராவிட்டால் அனுமதி என்னும் கருத்துக்கும் இடமளிக்கிறார். ஹிஜ்ரி 671இல் மறைந்த குர்துபீ (ரஹ்) தம் திருக்குர்ஆன் விரிவுரையில் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறார். ‘நஸ்க்’ என்னும் மாற்றத்தால் நீங்கிய சட்டம் மீண்டும் வராது. காரணம் நீங்கியதால் நீங்கிய சட்டமோ, அக்காரணம் வந்ததும் வந்துவிடும். ஓர் ஊருக்குத் தேவையுடையோர் வந்து, அவர்களின் பசிதீர்க்கக் குர்பானி இறைச்சியன்றி வேறு வழி இல்லாதபோது, மூன்று நாட்களுக்கு மேல் சேமிக்கலாகாது என்பது அவர் முடிவு.

வெயிலின் இடத்தைக் குளிர் பிடித்தது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில். 1882இல் ‘டனீடின்’ என்னும் கப்பல், நியூசிலாந்திலிருந்து உறைந்த ஆட்டிறைச்சியைச் சுமந்து 98 நாட்கள் கடலில் சென்று லண்டனை அடைந்தது. உலர்த்தாமலே இறைச்சியை மாதக்கணக்கில் காக்கலாம் என்பது அப்பயணத்தால் உறுதியாயிற்று.

இந்நுட்பம் மினாவுக்கும் வந்தது. ஹாஜிகளின் தொகை பெருகியபோது, அறுக்கப்பட்ட பிராணிகளில் பெரும் பகுதி உண்பாரின்றி வெயிலில் கெட்டு மண்ணில் புதைக்கப்படும் அவலம் நேர்ந்தது. 1983இல் சவூதி அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கி, அதன் நிர்வாகத்தை இஸ்லாமிய வளர்ச்சி வங்கியிடம் ஒப்படைத்தது. நவீன அறுப்புக்கூடங்களில் அறுக்கப்படும் இறைச்சி முதலில் ஹரம் எல்லை ஏழைகளுக்கு அளிக்கப்பட்டது. எஞ்சியது உறைய வைக்கப்பட்டு ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் ஏழைகளுக்கு அனுப்பப்பட்டது. தாஃப்பா நகரைத் தேடி வந்தது அன்று. இறைச்சியே தாஃப்பாவைத் தேடிச் செல்வது இன்று.

அதே குளிர்தான் நம் வீடுகளிலும் இருக்கிறது. வேலை மட்டும் மாறிவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன் குர்பானி பாடத்தை நடத்தியபோது ஒரு மாணவர் கேட்டார்: “ஹஜ்ரத், மூன்று நாள் தடை இன்றைக்கு இருந்தால் உறைபெட்டி வாங்குவார்களா?” வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிக்க இயலவில்லை. பெருநாளுக்கு முன்பே உறைபெட்டியைக் காலி செய்து இடம் ஒதுக்கி வைத்திருந்தது என் வீட்டிலும்தான்.

வெயில் தனக்குத்தானே ஓர் எல்லை வகுத்திருந்தது. கயிற்றில் கோத்ததற்கு மேல் மிஞ்சியதைக் கொடுத்தே தீர வேண்டும், இல்லையேல் கெட்டுவிடும். உறைபெட்டிக்கு அந்த எல்லை இல்லை. கெட்டுப்போகும் என்னும் அச்சம் கொடுக்க வைத்த காலம் போய்விட்டது. இனி இறையச்சம்தான் கொடுக்க வைக்க வேண்டும். கேளாமல் பொறுத்திருப்போர்க்கும் கேட்டு வருவோர்க்கும் உணவளிக்குமாறு சூரத்துல் ஹஜ் பணிக்கிறது. ஷாஃபிஈ மத்ஹபில், ஏழைக்குரிய பங்கைச் சமைக்காத இறைச்சியாகவே கொடுக்க வேண்டும். தன் விருப்பம்போல் அவர் பயன்படுத்திக்கொள்ளட்டும் என்பதே கருத்து. நாம் வேண்டியதை எடுத்து உறையவைத்த பின் எஞ்சும் எலும்பும் கொழுப்பும் அந்தப் பங்கின் நோக்கத்தை நிறைவேற்றுமா?

சேமிப்பது கூடும். நபிமொழி அதை ஐயமின்றி அனுமதிக்கிறது. ஆனால் உண்பது, கொடுப்பது, சேமிப்பது என்னும் அந்த வரிசையில் சேமிப்பு மூன்றாவதாக நிற்கிறது. பெருநாளன்று உறைபெட்டியின் கதவைத் திறக்கும் முன் வாசற்கதவைத் திறந்து, தெருவில் தாஃப்பா நிற்கிறதா என்று பார்ப்பது அந்த வரிசையைக் காப்பதாகும்.