மரத்தில் அணைந்த விளக்கும் அலுவலகத்தில் அணையாத விளக்கும்

1973 நவம்பர் 25 இரவு அமெரிக்க அதிபர் ரிச்சர்ட் நிக்சன் தொலைக்காட்சியில் பேசினார். வரும் கிறிஸ்துமஸுக்கு அலங்கார விளக்குகளைக் குறைத்துக்கொள்ளுங்கள், வெள்ளை மாளிகையிலும் அப்படியே செய்கிறோம் என்று நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டார். அரபு நாடுகள் எண்ணெய்த் தடையை அறிவித்து ஆறு வாரங்கள்கூட முழுதாக ஆகிவிடவில்லை, அதற்குள் குளிர்காலம் நெருங்கிவிட்டது. அந்த டிசம்பரில் வாஷிங்டனின் தேசிய கிறிஸ்துமஸ் மரத்தில் வழக்கமான வண்ண மின்சரங்கள் இல்லை. அந்தப் பண்டிகைக் காலத்தைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இந்த இருண்ட மரத்தோடு நின்றுவிடுகிறார்கள். எரிசக்தி எங்கே வீணானது, எங்கே மிச்சமானது என்று கணக்குப் பார்த்தால் அந்த மரம் ஓர் ஓரத்தில்தான் நிற்கிறது. வீணானதில் பெரும்பகுதி யாரும் பார்க்காத இடங்களில் போய்க்கொண்டிருந்தது.

முதலில், அணைக்கச் சொன்ன அந்த வழக்கம் எவ்வளவு பழையது என்று பார்க்கலாம். எடிசனின் கூட்டாளியான எட்வர்ட் ஜான்சன் 1882-ல் நியூயார்க்கில் தன் வீட்டு மரத்தில் சிவப்பு, வெள்ளை, நீல நிறங்களில் 80 சிறு பல்புகளைச் சுற்றினார். அவர் செய்துகொண்டிருந்த தொழிலுக்கு அது நல்ல விளம்பரமாகவும் அமைந்தது. 1890-களின் நடுப்பகுதியில் வெள்ளை மாளிகை மரத்துக்கு மின்விளக்கு வந்தது. 1923 டிசம்பர் 24 அன்று அதிபர் கூலிட்ஜ் முதல் தேசிய மரத்தின் 2,500 பல்புகளை ஒளிரவைத்தபோது, அந்த ஏற்பாட்டின் பின்னால் மின்சாரத் தொழில்துறையினர் இருந்தார்கள். மின்சாரம் விற்றவர்கள் ஊக்கப்படுத்தி வளர்த்த வழக்கம் இது. அதனால் மக்களின் பிரியம் பொய்யாகிவிடாது. ஆனாலும் தேவைப்பட்டபோது அதை நிறுத்திவைக்க முடிந்தது. இரண்டாம் உலகப் போரின்போது 1942 முதல் 1944 வரை தேசிய மரத்துக்கு விளக்கு ஏற்றப்படவில்லை, பண்டிகையும் நின்றுபோகவில்லை.

1973-ன் விளக்குகள் எவ்வளவு மின்சாரத்தைத் தின்றன? அக்காலத்து வெளிப்புறச் சரம் ஒன்றில் 7 வாட் பல்புகள் 25 இருந்தால் மொத்தம் 175 வாட். தினம் ஆறு மணி நேரம், முப்பது நாட்கள் எரிந்தால் சுமார் 31 யூனிட். இங்கே ஒரு வலுவான ஆட்சேபம் எழுகிறது. அன்றைய அமெரிக்க மின்சாரத்தில் எண்ணெயிலிருந்து வந்தது ஆறில் ஒரு பங்குதான், பெரும்பகுதி நிலக்கரியிலும் எரிவாயுவிலும் நீர்மின் நிலையங்களிலும் உற்பத்தியானது. அப்படியிருக்க வாசல் விளக்கை அணைத்து எண்ணெய்த் தடையை எப்படிச் சமாளிப்பது? கேள்வி நியாயமானதுதான். ஆனால் இறக்குமதி எண்ணெயையே பெரிதும் நம்பியிருந்த நியூ இங்கிலாந்து போன்ற பகுதிகளுக்கு அது பொருந்தாது. மாலை நேர உச்சத் தேவையை ஈடுகட்ட அங்கே கூடுதலாக எரிந்தது எண்ணெய்தான். இருந்தாலும் அதே மாதம் 7-ஆம் தேதி நிக்சன் வைத்த வேறொரு கோரிக்கை இதைவிடப் பல மடங்கு கனமானது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வீடுகளில் பகல்நேர வெப்பநிலையைச் சராசரியாக 68 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது 20 டிகிரி செல்சியஸுக்கு, இறக்கச் சொன்னார். அலுவலகங்களும் ஆலைகளும் 10 டிகிரி ஃபாரன்ஹீட் குறைப்புக்கு ஈடான சேமிப்பைக் காட்ட வேண்டும், அதற்காக வேலை நேரத்தைக் குறைத்தாலும் சரி என்றார். வடகிழக்கு மாநிலங்களில் ஏராளமான வீடுகள் எண்ணெயை நேரடியாக எரித்துத்தான் சூடேற்றப்பட்டன. அங்கே குறைந்த ஒவ்வொரு டிகிரியும் எண்ணெயாகவே மிச்சமானது.

அப்படியானால் மரத்தை இருட்டாக்கியது வெறும் காட்சிதானே என்று கேட்கலாம். காட்சிதான், ஆனால் பயனுள்ள காட்சி. தன் மரத்தை ஒளிரவிட்ட அரசு, குளிரில் இருக்கும் குடும்பத்திடம் வீட்டுச் சூட்டைக் குறை என்று கேட்டிருக்க முடியாது. எதிர்ப்பக்கச் சான்றும் அந்தக் குளிர்காலத்திலேயே இருக்கிறது. எரிசக்தியை மிச்சப்படுத்த 1974 ஜனவரி 6 முதல் நாட்டின் பெரும்பகுதியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தச் சட்டம் வந்தது. குழந்தைகள் விடியாத இருட்டில் பள்ளிக்கு நடக்க வேண்டியதானபோது ஆதரவு சரிந்தது, அடுத்த குளிர்காலத்துக்குள் சட்டத்தைத் திருத்திப் பழைய நேரத்துக்கே திரும்பினார்கள். பாரம் தங்கள் பிள்ளைகள் தலையில் மட்டும் விழுவதாகத் தோன்றும்போது மக்கள் ஒத்துழைக்க மாட்டார்கள்.

என் வாதத்துக்கு முக்கியமான சான்று கலிபோர்னியாவின் பெர்க்லியில் கிடைக்கிறது. இயற்பியலாளர் ஆர்தர் ரோசன்ஃபெல்ட், என்ரிகோ ஃபெர்மியின் மாணவர். 1973 நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஆய்வகத்திலிருந்து வீட்டுக்குக் கிளம்பினார். மறுநாள் பெட்ரோலுக்கு வரிசையில் நிற்க வேண்டியிருக்கும் என்பது அவருக்குத் தெரியும். அவர் தளத்தில் ஆளில்லாத அறைகளில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன, வாரக்கடைசி முழுவதும் அப்படியே எரியும். 20 அறைகளின் விளக்குகளை அணைக்கப் போனவருக்கு சுவிட்சைக் கண்டுபிடிப்பதே வேலையாகிவிட்டது. புத்தக அலமாரிகளுக்கும் கோப்புப் பெட்டிகளுக்கும் சுவரொட்டிகளுக்கும் பின்னால் அவை மறைந்து கிடந்தன. இருபது நிமிட வேலையில் அந்த வாரக்கடைசிக்கு 100 கேலன் எரிபொருளுக்குச் சமமான ஆற்றலை மிச்சப்படுத்தியதாக அவர் பின்னாளில் எழுதினார். ஓர் அறையில் ஒரு கிலோவாட் விளக்குகள் 60 மணி நேரம் எரிந்தால் 60 யூனிட். ஒரு குடும்பம் மாதம் முழுவதும் ஆசையாக ஏற்றிப் பார்க்கும் சரத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, ஒருவர்கூடப் பார்க்காமல் இரண்டரை நாளில் போய்விடுகிறது. கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை மூடிக் கிடக்கும் அலுவலகத்தில் அது எத்தனை மடங்காகும் என்பதை வாசகரே கணக்கிட்டுக்கொள்ளலாம். அங்கே வேலை செய்தவர்களைப் பொறுப்பற்றவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மின்சாரம் மலிவாக இருந்த காலத்தில், விளக்கை அணைக்க யாருக்காவது தோன்றும் என்றே நினைக்காமல் அந்த அறைகளை அமைத்திருந்தார்கள்.

ரோசன்ஃபெல்ட் துகள் இயற்பியலை விட்டு எரிசக்திச் சேமிப்பின் பக்கம் வந்தார். கலிபோர்னியா 1974-ல் எரிசக்தி ஆணையத்துக்கான சட்டத்தை இயற்றியது, 1978-ல் கட்டடங்களுக்குச் சேமிப்பு விதிகள் வந்தன. எழுபதுகளின் முற்பாதியில் ஆண்டுக்குச் சுமார் 1,800 யூனிட் இழுத்த அமெரிக்கக் குளிர்சாதனப் பெட்டி, 2001-ன் தரவிதிக்குப் பிறகு 500 யூனிட் அளவுக்கு இறங்கியது. இதற்காக எந்தக் குடும்பமும் பண்டிகையைச் சுருக்கிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. மரங்களுக்கும் அதே வழி கிடைத்தது. நியூயார்க் ராக்ஃபெல்லர் மையத்தின் மரம் 2007-ல் 30,000 எல்.இ.டி. விளக்குகளுக்கு மாறியபோது அதன் தினசரிச் செலவு 3,510 யூனிட்டிலிருந்து 1,297 யூனிட்டாகக் குறைந்தது. செலவு குறைந்தால் மக்கள் இன்னும் அதிகமாக விளக்கு மாட்டுவார்கள் என்பது இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதம். மாட்டத்தான் செய்கிறார்கள். ஆனால் பழைய 7 வாட் பல்பின் இடத்தில் ஒரு வாட்டுக்கும் குறைவான விளக்கு வந்திருக்கிறது. பழைய செலவை எட்ட வேண்டுமானால் ஒரு சரம் இருந்த வாசலில் ஏழு சரங்களுக்கு மேல் தொங்க வேண்டும். ஆளில்லாத அறையில் எரியும் விளக்குக்கோ அப்படி ஓர் எல்லையே கிடையாது, யாராவது வந்து அணைக்கும்வரை அது எரிந்துகொண்டே இருக்கும்.