கல்லில் ஏறாத பெயர்கள் – 11: கந்தரோடையும் மெரினாவும்

சென்ற வாரம் 1969 பிப்ரவரியில் நிறுத்தியிருந்தோம். அண்ணாவின் முகத்தைக் கடைசியாகப் பார்த்துவிட வேண்டுமென்று ரயில் கூரைமேல் ஏறி வந்தவர்களில் பலர், சென்னை வந்து சேராமல் பாலத்தில் மோதி இறந்துபோன கதை அது. இந்த வாரம் பதினெட்டு ஆண்டுகள் தாண்டி 1987-க்கு வருவோம். அந்த ஆண்டின் நவம்பர் 25-ஐயும் டிசம்பர் 25-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் எண்ணம்.

யாழ்ப்பாணத்தில் சுன்னாகத்தை ஒட்டிய ஊர் கந்தரோடை. பழைய குடியிருப்புத் தடங்களுக்காகத் தொல்லியலாளர்கள் நன்கறிந்த ஊர். அந்த ஊர்ப் பக்கம் ஆயுதம் வந்து இறங்கியிருப்பதாகத் தகவல் கிடைத்து, இந்திய அமைதிப்படையின் 8-ஆவது மகார் பட்டாலியனைச் சேர்ந்த வீரர்கள் இரவோடு இரவாகத் தேடுதலுக்குப் போனார்கள். தலைமை தாங்கியவர் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், வயது 41. பம்பாயில் பிறந்து வளர்ந்த தமிழர், அங்கே எஸ்.ஐ.இ.எஸ். கல்லூரியில் படித்தவர். 1972 ஜூனில் சென்னை பறங்கிமலையில் அதிகாரிகள் பயிற்சி முடித்துப் படையில் சேர்ந்தார்.

தேடுதல் முடிந்து திரும்பும்போது பதுங்கியிருந்த விடுதலைப் புலிகள் சுட்டார்கள். பரமேஸ்வரன் பின்வாங்காமல் சுற்றி வளைத்து அவர்களுக்குப் பின்புறமாகப் போனார். சண்டை கைகலப்பாக மாறியது. எதிரே வந்தவன் சுட்ட குண்டு மார்பில் பாய்ந்தது. பாய்ந்த பிறகும் அவன் துப்பாக்கியைப் பிடுங்கி அவனையே சுட்டார். உயிர் பிரியும்வரை தன் ஆட்களுக்கு உத்தரவு கொடுத்துக்கொண்டிருந்தார். அன்று நவம்பர் 25. இலங்கைப் போரில் பரம் வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவரே. அவர் சுட்டதும் அவரைச் சுட்டதும் தமிழ்ப் பையன்கள்தாம் என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் வந்த மௌனத்துக்கெல்லாம் வேர் அதில் இருக்கிறது.

சரியாக ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 25-ஆம் தேதி, மெரினாவில் எம்.ஜி.ஆர். அடக்கம் செய்யப்பட்டார். 24-ஆம் தேதி விடியற்காலையில் ராமாவரம் தோட்டத்தில் உயிர் பிரிந்தது. ராஜாஜி ஹாலில் உடல் வைக்கப்பட்டது. தமிழ்நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் லாரிகளிலும் பஸ்களிலும் கால்நடையாகவும் சனம் வந்தது. மொட்டை அடித்துக்கொண்டவர்கள், தீக்குளித்தவர்கள், நெரிசலிலும் கலவரத்திலும் செத்தவர்கள், கொள்ளைபோன கடைகள் என்று அந்த இரண்டு நாட்களைப் பற்றி வயதானவர்கள் இன்றும் பேசுவார்கள்.

அந்த அழுகையை மட்டம் தட்டுவது எளிது. நான் அதைச் செய்ய மாட்டேன். 1982-இல் தொடங்கிய சத்துணவைத் தின்று பள்ளிக்கூடம் போன பிள்ளையின் தாய்க்கு அவர் வெறும் நடிகர் அல்லர். நாற்பது ஆண்டுக்கும் மேலான வெள்ளித்திரை, அதற்கு மேல் பத்து ஆண்டு ஆட்சி. வீட்டில் ஒருவராகவே அவரைப் பார்த்துப் பழகிவிட்டார்கள். தவிர, 1984-இலேயே தமிழ்நாடு அவருக்காக ஒரு முறை அழுது முடித்திருந்தது. அப்போலோவிலிருந்து அமெரிக்காவின் புரூக்ளினுக்கு அவரைக் கொண்டுபோனபோது கோயில்களிலும் தேவாலயங்களிலும் மசூதிகளிலும் வேண்டுதல்கள் நடந்தன. மருத்துவமனையில் அவர் இருக்கும் படம் ஊர் ஊராகத் திரையிடப்பட்டது. ஊரில் இல்லாமலே தேர்தலில் வென்றார். மூன்று ஆண்டுகளாக நெஞ்சில் கட்டி வைத்திருந்த பயம் 1987-இல் உடைந்தது. அந்தத் துக்கம் மெய்யானது.

அப்படியானால் கந்தரோடையில் விழுந்தவருக்கு ஏன் யாரும் அழவில்லை?

முதல் காரணம் மிக எளியது. அழுவதற்கு உடல் வேண்டும். கார்கிலுக்கு முன்புவரை, போர்முனையில் இறந்தவர்களைப் பெரும்பாலும் அங்கேயே எரியூட்டிவிடுவார்கள். வீட்டுக்கு வருவது தந்தி, பிறகு அஸ்தி, ஒரு பெட்டியில் அவருடைய உடைமைகள். ராஜாஜி ஹால் படிக்கட்டு போன்ற ஓரிடம் சிப்பாய்க்குக் கிடையாது. ஊர் கூடி நின்று பார்க்க முகம் கிடையாது. பத்திரிகையில் வந்ததும் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற எண்ணிக்கைதான்.

இரண்டாவது காரணத்தைச் சொல்லத் தயக்கம் வருகிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். அந்தப் போரைத் தன்னுடையது என்று ஏற்க யாருமே இல்லை. 1987 ஜூலை 29-இல் கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஆகஸ்ட் 2-ஆம் தேதி மெரினாவில் ராஜீவும் எம்.ஜி.ஆரும் ஒரே மேடையில் நின்று அதை மக்களிடம் சொன்னார்கள். தமிழரைக் காக்கப் போகும் படை என்றுதான் நம் ஊர் நம்பியது. அக்டோபரில் அதே படைக்கும் புலிகளுக்கும் சண்டை மூண்டு எல்லாம் தலைகீழானது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரிலிருந்து இறக்கிவிடப்பட்ட சீக்கிய இலகு காலாட்படையினர் 30 பேரில் 29 பேர் மாண்டார்கள். அதே மாதம் 21-ஆம் தேதி, தீபாவளி நாளில், அமைதிப்படையினர் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் புகுந்து சுட்டதில் மருத்துவர்கள், தாதியர், நோயாளிகள் என 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அந்தச் செய்தி இந்தக் கரைக்கு வந்தபின், பச்சைச் சீருடைக்காக அழத் தமிழ்நாட்டுக்கு மனம் வரவில்லை. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது.

1990 மார்ச்சில் கடைசிப் படைப்பிரிவு கப்பலேறிச் சென்னைக்குத் திரும்பியபோது, முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. தமிழரைக் கொன்ற படையை எப்படி வரவேற்பது என்பது அவர் நிலை. டில்லியிலோ ஆட்சி மாறியிருந்தது. முந்தைய அரசு தொடங்கிய போரைக் கொண்டாட புதிய அரசுக்கு விருப்பமில்லை. ஏறத்தாழ 1,200 பேரை அங்கே விட்டுவிட்டு வந்த படை அது.

மருத்துவமனையில் சுட்டவர்களையும் பல்கலைக்கழக மைதானத்தில் விழுந்தவர்களையும் ஒரே மூட்டையாகக் கட்டி மறந்துவிட்டோம் என்பதுதான் என் ஆற்றாமை. போகச் சொன்னவர்கள் அரசியல்வாதிகள். போனவன் கட்டளைக்குக் கட்டுப்பட்டவன். கட்டளையின் பிழைக்குக் கேள்வி கேட்கலாம், கேட்கவும் வேண்டும். செத்தவன் பெயரைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் இருப்பது அந்தக் கேள்விக்குப் பதிலாகாது.

இத்தனைக்கும் நாம் நடுகல் நட்ட சமூகம். கல்லைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து அதை வாழ்த்துவதுவரை ஒவ்வொரு படியையும் தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. செங்கம் வட்டாரத்தில் எடுத்தனூர் என்றொரு ஊர். அங்கே மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்றில், மாட்டு மந்தையைக் காக்கப் போராடி இறந்த கருந்தேவக்கத்தி என்பவனின் உருவம் இருக்கிறது. பக்கத்தில் கோவிவன் என்று பெயரிட்டு ஒரு நாயின் உருவம். எசமான் விழுந்த பின்னும் கள்ளர்களைக் கடித்து நின்ற நாய். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த நாயின் பெயரை நம்மால் வாசிக்க முடிகிறது. அந்தச் சண்டை பெரிதா சிறிதா, எந்தப் பக்கம் நியாயம் என்றெல்லாம் கல் நட்டவர்கள் கணக்குப் பார்க்கவில்லை.

அமைதிப்படையில் இறந்தோரின் பெயர்களைப் பொறித்துக் கொழும்பு அருகே ஒரு நினைவுச்சின்னம் 2008-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதைக் கட்டியது இலங்கை அரசு. டில்லியில் தேசியப் போர் நினைவகம் திறந்தது 2019 பிப்ரவரியில்தான். சென்னையில் மெரினாக் கடற்கரை தொடங்கும் இடத்தில் உள்ள போர் நினைவுச்சின்னம் முதல் உலகப் போருக்காக வெள்ளையர் எழுப்பியது. அங்கிருந்து நேப்பியர் பாலம் தாண்டி நடக்கும் தூரத்தில் எம்.ஜி.ஆர். சமாதி. உள்ளே அவருடைய கைக்கடிகாரம் இன்னும் ஓடுகிறது என்று நம்பிக் கல்லில் காதை வைத்துக் கேட்பவர்களை இன்றும் பார்க்கலாம்.

பரமேஸ்வரன் பெயரிலும் சென்னையில் ஓரிடம் உண்டு. சாலிகிராமம் ஆற்காடு சாலையில் ராணுவத்தினருக்கான குடியிருப்பு, ‘பரமேஸ்வரன் விஹார்’. சினிமாக்காரர்களும் ஸ்டுடியோக்களும் நிறைந்த சாலை அது. அந்த வழியாகத் தினமும் போகிறவர்களிடம் யார் இந்தப் பரமேஸ்வரன் என்று கேட்டுப் பாருங்கள்.

2014 ஏப்ரலில் காஷ்மீரின் ஷோபியானில் வீழ்ந்த மேஜர் முகுந்த் வரதராஜனுக்கு 2015-இல் அசோக சக்ரா கிடைத்தது. ஆனாலும் பட்டிதொட்டியெல்லாம் அவர் பெயர் போனது 2024 தீபாவளிக்கு ‘அமரன்’ வந்த பிறகுதான். நமக்கு ஒரு சிப்பாயை அறிமுகப்படுத்தவும் திரை தேவைப்படுகிறது. அதில் எனக்கு வருத்தமில்லை, எப்படியாவது தெரிந்துகொண்டால் சரி. ஆனால் பரமேஸ்வரன் கதையை எடுக்க அதைவிடப் பெரிய துணிச்சல் வேண்டும். அந்தப் படத்தில் வில்லன் என்று யாரையும் காட்ட முடியாது. துப்பாக்கியின் இரண்டு பக்கமும் தமிழ் பேசும் வாய்கள். தென்னந்தோப்புக்கு அப்பால், வீட்டுக்குள் விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்த கந்தரோடைக் குடும்பங்களையும் காட்டியாக வேண்டும்.

அடுத்த வாரம் 1999-க்குப் போவோம். பட்டாலிக் மலையில் மே 29-ஆம் தேதி இறந்த திருச்சி மேஜர் சரவணனின் உடலை மீட்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அந்த உடல் ஊருக்கு வந்தபோது திருச்சி என்ன செய்தது என்று பார்ப்போம்.

(தொடரும்)