இரங்கூனும் ஐராவதிக் கழிமுகமும்

வாணிகத்தலமாகிய செவ்வாய்ப்பேட்டையில் வாழும் நாம் இரங்கூன் வரலாற்றை அறிதல் நலம். 1852-இல் ஆங்கிலேயர் அந்நகரைக் கைக்கொண்டபின், ஐராவதிக் கழிமுகக் காடுகள் நெல்வயல்களாயின. அவற்றைத் திருத்திய பர்மிய உழவர்க்குக் கடனுதவியோருள் நாட்டுக்கோட்டை நகரத்தார் தலைசிறந்தோர். 1931-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இரங்கூன் மாந்தரில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியரே.

1930-இல் நெல்விலை வீழ்ந்தது, கடன் அடைபடவில்லை. 1937-க்குள் கீழ்ப்பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் நாலிலொரு பங்கு நிலம் நகரத்தார் வசமாயிற்று. உழுதவர் உள்ளம் புண்பட்டது.

1941 டிசம்பரில் ஜப்பானியர் இரங்கூன்மேல் குண்டு வீசினர். 1942-இல் இலட்சக்கணக்கான இந்தியர் முதுகில் மூட்டையுடன் மலைவழி நடந்தனர். பல்லாயிரவர் வழியிலேயே மாண்டனர். பத்திரத்திலிருந்த நிலம் அவர்க்கு ஒருபிடி சோறும் தந்திலது. 1948-இல் விடுதலை பெற்ற பர்மா, நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டமும் இயற்றிற்று.

அன்பர்காள்! கடன் பத்திரம் நிலத்தைத் தரும். அந்நிலத்தார் நெஞ்சத்தைத் தாராது. கொடுக்கல் வாங்கலில் நாம் மறவாதிருக்க வேண்டுவது இதுவே.