ஜம்பைக் கல்லும் என் ஜாதகமும்

எனக்குப் பிறந்த தேதி இரண்டு. பள்ளிச் சான்றிதழில் 10-6-1952. தாத்தா கைப்பட எழுதி வைத்த ஜாதகத்தில் விஜய வருஷம், வைகாசி மாதம், அதாவது 1953. ஒன்றாம் வகுப்பில் சேர்க்க அப்பா அழைத்துப் போனபோது எனக்கு நாலு வயதுதான் முடிந்திருந்தது. வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொட்டுக் காட்டினேன். வாத்தியார் சிரித்துக்கொண்டே ஒரு வயதைக் கூட்டி எழுதிவிட்டார். அந்தப் புண்ணியத்தில் 2010 ஜூனில், 57 வயதிலேயே, அரசாங்கம் எனக்கு மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டது. ஒரு வருஷச் சம்பளம் போயிற்று.

இரண்டில் எது சரி? அம்மாவைக் கேட்டேன். அவருக்கு வருஷமும் தேதியும் தெரியாது. "நீ தவழக்கூட ஆரம்பிக்கலைடா. ஔவையார் படத்துக்குத் தூக்கிட்டுப் போனேன். நீ வீல்னு கத்தினதுல பாதியிலேயே எழுந்து வந்துட்டேன்" என்றார். கே.பி. சுந்தராம்பாள் நடித்த அந்த ஜெமினி படம் வெளிவந்தது 1953 ஆகஸ்டில். சான்றிதழ் சொல்வது உண்மையானால் நான் அப்போது நடந்தே போயிருப்பேன். அம்மாவின் பேச்சு ஜாதகத்தோடு பொருந்துகிறது. முத்திரை குத்திய சான்றிதழ்தான் பொய் சொல்கிறது.

சரித்திர ஆசிரியர்கள் நாள்தோறும் செய்வதும் இதே வேலைதான். அதே ஔவையாரோடு தொடர்புள்ள ஒரு வழக்கைச் சொல்கிறேன். திருக்கோவிலூர்ப் பக்கத்து நண்பர்களுக்கு இது சொந்த ஊர் விஷயம்.

அசோகருடைய இரண்டாம் பாறைக் கல்வெட்டு, மனிதருக்கும் விலங்குக்கும் அவர் செய்த மருத்துவ ஏற்பாடுகளைச் சொல்வது. அதில் அவர் ஆட்சிக்கு அப்பாற்பட்ட தெற்கத்தி நாடுகளின் பட்டியல் வருகிறது. சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் என்றால் நமக்குப் புரிகிறது. கூடவே 'ஸதியபுதோ' என்று ஒருவர். 1837ல் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்தைப் படிக்கும் வழியைக் கண்டுபிடித்த பிறகு, இவர் யார் என்ற கேள்வி எழுந்து தீராமலே கிடந்தது. துளு நாடு என்றார்கள், காஞ்சி என்றார்கள். மராட்டியத்தில் சாத்புதே என்ற குடும்பப் பெயர் இருக்கிறதே என்று அங்கே போனவர்களும் உண்டு. அதியமானாக இருக்கலாம் என்று சொன்னவர்களிடம் கையில் காட்ட ஒன்றும் இல்லை.

அதியமானைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் பாட்டுதான். 1894ல் உ.வே.சா. புறநானூற்றை அச்சிட்ட பிறகு தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சியும், நெல்லிக்கனியும், ஔவையின் நட்பும் எல்லோருக்கும் தெரிந்தன. ஆனால் பாட்டைப் புகழ்ச்சி என்று ஒதுக்குபவர்கள் உண்டு. ஓலையோ பிரதிக்குப் பிரதி எடுத்து வந்தது. அப்படி ஒரு ஆள் உண்மையிலேயே இருந்தானா என்று கேட்டால் தமிழ் வாத்தியாருக்குக் கோபம் வரும். கேள்வி என்னவோ நியாயமானதுதான்.

1981ல் தமிழ்நாடு தொல்லியல் துறையினர் திருக்கோவிலூருக்கு அருகே ஜம்பை மலைக் குகையில் ஒரே ஒரு வரிக் கல்வெட்டைக் கண்டார்கள். பழைய தமிழ் பிராமி எழுத்து. ஸதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த உறைவிடம் என்பது அதன் பொருள். சமண முனிவர்கள் தங்குவதற்காகக் கொடுத்தது. அசோகர் சொன்ன பெயரும் ஔவை பாடிய பெயரும் ஒரே கல்லில், பக்கத்தில் பக்கத்தில்! பத்திரிகையில் படித்த அன்று நான் அலுவலகத்தில் வேலையே பார்க்கவில்லை.

தருமபுரிக்காரன் இங்கே வந்து குகை தானம் செய்வானேன்? அதற்குப் பதில் பாட்டில் இருக்கிறது. அதியமான் கோவலூரை அழித்த வெற்றியைப் பரணர் பாடினார் என்று ஔவையே ஒரு பாடலில் சொல்கிறார். கோவலூர் நம் திருக்கோவிலூர்தான். கல் சொல்லாத காரணத்தைப் பாட்டு சொல்கிறது. பாட்டு வாயே திறக்காத சமண தானத்தைக் கல் சொல்கிறது. நெல்லிக்கனிக்கு மட்டும் கல்லில் சாட்சி இல்லை. அது ஔவையின் வாக்காகவே நிற்கிறது. (நம் தலைமுறைக்கு ஔவை என்றால் சுந்தராம்பாள் முகம்தான். பல காலத்து ஔவைகளை ஒரே பாட்டியாக்கிய படம் அது. அம்மாவின் வயதுக் கணக்குக்கு நல்ல சாட்சி, சங்க காலத்துக்கு ஆகாது.)

இத்தோடு வழக்கு முடிந்ததா என்றால் இல்லை. அசோகர் கி.மு. மூன்றாம் நூற்றாண்டு. ஐராவதம் மகாதேவன் 2003ல் வெளியிட்ட பெரிய நூலில், எழுத்தின் வடிவத்தை வைத்து ஜம்பைக் கல்வெட்டைக் கி.பி. முதல் நூற்றாண்டு என்கிறார். இன்னும் முந்தியது என்பவர்களும் உண்டு. மகாதேவன் சொல்வதை வைத்தால், அசோகர் குறித்தது அஞ்சியை அல்ல, அவனுடைய முன்னோரை. ஸதியபுதோ என்பது தலைமுறைகளாக வந்த குலப் பட்டம் ஆகிறது. எனக்கு இதுவே பொருத்தமாகப் படுகிறது.

கல்லில் வெட்டிய எழுத்தைக் கரிமச் சோதனைக்கு அனுப்ப முடியாது. கரிமச் சோதனை உயிரோடு இருந்த பொருளின் வயதைத்தான் சொல்லும், கல்லுக்கு அது செல்லாது. அதனால்தான் தொல்லியலாளர்கள் மண்ணைத் தோண்டுகிறார்கள். பழனிக்கு அருகே பொருந்தலில் ஒரு ஈமக்குழியில் எழுத்துப் பொறித்த தாங்கியும் நெல்லும் சேர்ந்து கிடைத்தன. நெல்லைச் சோதித்ததில் கி.மு. 490 என்று வந்தது. நெல்லின் வயதே எழுத்தின் வயதும் ஆகுமா என்பதில் அறிஞர்களிடையே இன்னும் சண்டை. ஆகும் என்று முடிவானால் ஜம்பைக் கல்லின் காலத்தையும் மறுபடி பேச வேண்டியிருக்கும்.

ஜூன் மாதம் கருவூலத்தில் பென்ஷன் நேர்காணல். அங்கே போய் ஔவையார் படம், விஜய வருஷம், அம்மா சொன்னாள் என்றெல்லாம் பேசினால் பின்னால் நிற்பவர்கள் அடிக்க வருவார்கள். 1952 என்றே சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவேன்.