விலை போடாத தபால்தலை

தொகை எழுதாத காசோலையைத் திருப்பிக் கொடுத்தே வங்கி கவுன்ட்டரில் காலம் தள்ளியவன் நான். அமெரிக்க அஞ்சல் துறை 2015 பிப்ரவரியில் வெளியிட்ட ஒரு தபால்தலையில் விலையே இல்லை. 'என்றென்றும்' என்று ஒரு சொல்தான். கட்டணம் எவ்வளவு ஏறினாலும் உள்நாட்டுச் சாதாரணக் கடிதத்துக்கு அது செல்லும்.

அதில் இருப்பவர் கட்டடக் கலைஞர் ராபர்ட் ராபின்சன் டெய்லர். மாணவப் பருவத்துப் புகைப்படம். அப்பா அடிமையாகப் பிறந்து தச்சுத் தொழிலில் முன்னுக்கு வந்தவர். மகன் 1892-இல், அப்போது பாஸ்டனில் இருந்த எம்.ஐ.டி.யில் பட்டம் பெற்றார். அங்கே பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர்தான்.

புக்கர் டி. வாஷிங்டன் அழைக்க, அலபாமாவில் உள்ள டஸ்கீகி கல்விக்கூடத்துக்குப் போனார். அவர் வரைந்த கட்டடங்களுக்கு மாணவர்களே செங்கல் அறுத்து, சூளையில் சுட்டு, சுவர் எழுப்பினார்கள். கான்ட்ராக்டருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு விரிசலை எண்ணும் நமக்கு இது கொஞ்சம் உறைக்கும்!

அப்படி எழுந்ததுதான் 1898-இல் முடிந்த தேவாலயம். ஓய்வுபெற்றுச் சொந்த ஊர் வில்மிங்டனுக்குப் போய்விட்ட டெய்லர், 1942 டிசம்பரில் டஸ்கீகிக்கு வந்தபோது அந்தத் தேவாலயத்தில்தான் மயங்கி விழுந்தார். பிழைக்கவில்லை. 1957-இல் தேவாலயமும் தீயில் போயிற்று.

தபால்தலை வெளியீட்டுக்கு அவருடைய கொள்ளுப்பேத்தி வாலரி ஜாரட் வந்திருந்தார். அப்போது அவர் அதிபர் ஒபாமாவின் மூத்த ஆலோசகர்.