பெண்குருமையும் ஆங்கிலிக்கன் திருச்சபைப் பிளவும்

ஆங்கிலிக்கன் திருச்சபைகளின் உலகக் கூட்டுறவு அண்மைக் காலத்தில் பிளவுற்றதற்குக் காரணம் கூறுவார், பெண்களுக்குக் குருப்பட்டம் அளித்தமையையும் ஒருபாலுறவினர் பற்றிய வழக்கையும் ஒருங்கு வைத்துப் பேசுவர். முன்னது விதை, பின்னது விளைவு என்பது அவர்தம் துணிபு. இத்துணிபு வரலாற்றோடு பொருந்துமாறில்லை. முதல் வழக்கில் சிறு குழுக்கள் சில பிரிந்து போயினவேயன்றி, நாட்டுத் திருச்சபை எதுவும் கூட்டுறவை உதறவில்லை. இரண்டாம் வழக்கிலோ கூட்டுறவே நிலைகுலைந்தது. ஒன்றைத் தாங்கிய அமைப்பு மற்றொன்றைத் தாங்காமற் போனது ஏன் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

இக்கூட்டுறவுக்கு உரோமைத் திருச்சபைக்குள்ளது போன்ற ஆணையிடும் தலைமை இல்லை என்பதை முதற்கண் நினைவிற்கொள்ளல் வேண்டும். 1867 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை கூடும் லாம்பெத் மாநாட்டில் பேராயர்கள் (நம் பழைய கிறித்தவ நூல்கள் அத்தியட்சர் என வழங்கும் பதவியினர்) செய்யும் தீர்மானங்கள் அறிவுரையாமேயன்றிச் சட்டமாகா. கேண்டர்பரித் தலைமைப் பேராயரும் மதிப்பால் முதல்வரே, அதிகாரத்தால் அல்லர்.

பெண்குருமை வழக்கு தோன்றிய இடம் இங்கிலாந்தன்று, போர்க்காலச் சீனம். ஹாங்காங் சப்பானியர் வசப்பட்டபின், போர்த்துக்கேசியரின் ஆட்சியிலிருந்த மக்காவுக்குக் குருமார் சென்று நற்கருணை வழங்க இயலாதாயிற்று. அங்கு உதவிக்குருவாகப் பணிபுரிந்த ஃபுளோரன்ஸ் லீ டிம்-ஓய் அம்மையாருக்குப் பேராயர் ரொனால்டு ஹால் 1944 சனவரி 25இல் குருப்பட்டம் அளித்தார். கொள்கையொன்றை நாட்டும் பொருட்டுச் செய்ததன்று அது. நற்கருணையின்றியிருந்த சபையின் பொருட்டுச் செய்தது. போர் முடிந்ததும் எதிர்ப்பு எழுந்தது. பேராயருக்கு இடர் நேரலாகாது எனக் கருதிய அம்மையார், குருப்பணி ஆற்றும் உரிமத்தை 1946இல் தாமே விட்டுக்கொடுத்தார். எனினும் பட்டத்தைத் துறந்தாரல்லர். இருபதாண்டுக் காலம் பெண்குருமையைச் சோதனையாக மேற்கொள்ள விழைந்த சீனத் திருச்சபையின் வேண்டுகோளை 1948ஆம் ஆண்டு லாம்பெத் மாநாடு மறுத்தது. அம்மையார் முதுமையிற் கனடாவிற் குடியேறிய பின்னரே மீண்டும் குருப்பணி ஆற்றினார். கூட்டுறவின் ஒற்றுமை அன்று காக்கப்பட்டது மெய்யே; அதற்குரிய விலையைக் கொடுத்தவர் அவர் என்பதை வரலாறு எழுதுவோர் விரைந்து கடந்துவிடுகின்றனர்.

பின்னர் நிகழ்ந்தவற்றைச் சுருங்கக் கூறுவோம். 1971இல் கென்யாவின் லிமுருவிற் கூடிய ஆங்கிலிக்கன் ஆலோசனை மன்றம், 24க்கு 22 என்னும் வாக்கால், ஹாங்காங் தன் விருப்பின்படி செய்யலாம் என்றது. அவ்வாண்டு நவம்பரிலேயே அங்கு இருவர் பட்டம் பெற்றனர். 1978ஆம் ஆண்டு லாம்பெத் மாநாடு, இதில் ஒவ்வொரு திருச்சபையும் தானே முடிவு செய்யும் உரிமையுடையது என ஏற்றுக்கொண்டது. ஆங்கிலிக்கரும் பிறரும் 1947இல் இணைந்து உருவாக்கிய தென்னிந்தியத் திருச்சபை 1976இலேயே பெண்களுக்குக் குருப்பட்டம் அளிக்கத் தொடங்கியதும், 2013இல் நந்தியாலுக்குப் பெண்ணொருவரைப் பேராயராக்கியதும் நம்மனோர் அறிதற்குரியன.

இங்கிலாந்துத் திருச்சபை மெல்லவே நடந்தது. 1992 நவம்பர் 11இல் அதன் பொதுமன்றத்தின் மூன்று அவைகளிலும் மூன்றில் இரு பங்கு வாக்கு வேண்டியிருந்தது. பொதுநிலையினர் அவையிற் கிடைத்தவை 169க்கு 82. இசைந்தோருள் இருவர் மாறி வாக்களித்திருப்பின் தீர்மானம் வீழ்ந்திருக்கும். லீ அம்மையார் அவ்வாண்டு பிப்ரவரியிலேயே மறைந்துவிட்டார். மறுத்தோர் வெளியேறாதிருத்தற்பொருட்டு, அவர்களுக்கெனத் தனிப் பேராயர்களை அமர்த்த 1993இல் வழிவகை செய்யப்பட்டது. பெண்ணுக்குப் பட்டமளித்த பேராயரின் கையையும் தீட்டுடையதாகக் கருதுவார்க்கு இடங்கொடுத்த ஏற்பாடு இது எனக் கண்டித்தோர் உளர். தீட்டு என்னும் சொல்லின் வலியை நம் நாட்டார்க்கு விளக்க வேண்டுவதில்லை. ஆயினும் அவ்வேற்பாட்டாலேயே பலர் ஒரு கூரையின்கீழ்த் தங்கினர்.

இனி 1998ஆம் ஆண்டு லாம்பெத் மாநாட்டைக் காண்போம். பெண் பேராயர்கள் முதன்முறையாக அமர்ந்த மாநாடு அது. பெண்குருமையை ஏற்போரும் மறுப்போரும் ஒருங்கே உண்மையான ஆங்கிலிக்கர் என ஒரு தீர்மானம் அங்கு நிறைவேறியது. அதே மாநாடு, ஒருபாலுறவு மறைநூலுக்கு ஒவ்வாதது எனும் தீர்மானத்தை 526க்கு 70 என்னும் வாக்கால் நிறைவேற்றியது. முன்னதில் இருசாரார்க்கும் இடமுண்டு. பின்னதில் அத்தகைய இடமில்லை. பிளவின் வேர் இவ்வேறுபாட்டிலேயே உள்ளது என்பது எம் கருத்து. பெண்குருமையில் எழுந்த ஐயம் பட்டத்தின் தகுதி பற்றியது; ஐயமுடையார் விலகி நின்று பொறுத்திருக்க இயலும். ஒருபாலுறவையோ எதிர்ப்போர் பாவம் என வகுத்தனர். பாவம் எனக் கொண்டதைப் பொறுத்தலும் பாவமாமன்றோ?

2003இல் அமெரிக்கத் திருச்சபை ஜீன் ராபின்சனைப் பேராயராக்கியபோது, ஏனையோர் இசைவின்றிச் செய்தமையே பிளவுக்குக் காரணம் என்பாரும் உளர். 1974இல் பிலடெல்பியாவில் 11 பெண்களுக்கு இசைவின்றியே பட்டம் அளிக்கப்பட்டது. உலகக் கூட்டுறவு அன்று உடையவில்லை. ஆகலின் அக்காரணம் போதாது. 2008இல் எதிர்ப்பாளர் எருசலேமிற் கூடிக் காஃப்கான் என்னும் அணியை அமைத்தனர். 2009இல் வட அமெரிக்காவில் தனித் திருச்சபை எழுந்தது. விந்தை யாதெனின், பிரிந்து சென்ற அத்திருச்சபைக்குள்ளேயே சில மறைமாவட்டங்கள் பெண்களுக்குக் குருப்பட்டம் அளிக்கின்றன; சில மறுக்கின்றன. ஒரு வழக்கின் விளைவே மற்றொன்று எனில், இது நிகழ்ந்திராது.

2023 பிப்ரவரியில் இங்கிலாந்துப் பொதுமன்றம் ஒருபால் இணையர்க்கான வேண்டுதல்களை வரவேற்றபின், உலகத் தென்பகுதித் தலைவர் பலர் கேண்டர்பரியின் தலைமையை ஏலோம் என்றனர். 2025 அக்டோபரில் சாரா முலாலி அப்பதவிக்கு முதற்பெண்ணாக அறிவிக்கப்பட்டபோது, காஃப்கான் தலைமை அவர் பெண் என்பதையும், அவ்வேண்டுதல்களுக்கு அவர் துணைநின்றதையும் ஒருங்கே குறையாகக் கூறியது. அவ்வணியில் நெடுநாள் இடம்பெற்று வந்த கென்யத் திருச்சபை, 2021இலேயே புத்தேரே மறைமாவட்டத்துக்கு ரோஸ் ஒகேனோ அம்மையாரைப் பேராயராக்கியிருந்தது.