தட்டிக்கொடுத்த கரங்கள்

பட்டமளிப்பு விழா! கருப்பு அங்கி காற்றிலே அசைய, கையிலே சுருட்டிய தாளும் கண்ணிலே எதிர்காலக் கனவுமாக மேடையேறி இறங்குகிறான் இளைஞன். மண்டபம் கைதட்டுகிறது. அங்கே அழைக்கப்படுவது அவன் ஒருவனுடைய பெயர்தான். ஆனால், அந்த மேடைவரை அவனைத் தூக்கிவிட்ட கரங்கள் எத்தனை! அவற்றுக்கு உரியவர்களின் பெயரை எவரும் அழைப்பதில்லை. வரலாறாவது அழைக்க வேண்டாமா?

நாமும் அண்மையில்தான் அந்த அங்கியைக் கழற்றிவிட்டுக் கரும்பலகையின் முன்னே வந்து நின்றோம். 'நன்றாகப் படி, முன்னுக்கு வருவாய்' என்று மாணவனிடம் கூறுவது நமக்கு மிகமிக எளிது. அதற்குச் செலவில்லை, சிரமமில்லை. ஊக்கம் என்பது அந்தச் சொல் மட்டுந்தானா? விடை காண, நூறாண்டுக்கு முந்திய பம்பாய் மாநிலத்துக்குச் செல்வோம், வாருங்கள் தோழர்களே!

அங்கே ஒரு பள்ளிக்கூடம். மற்றப் பிள்ளைகளோடு ஒட்டாமல், வீட்டிலிருந்து கொண்டுவந்த கோணித்துணியின்மீது ஒரு சிறுவன் அமர்ந்திருக்கிறான். தாகம் எடுக்கிறது. குழாய் இருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது. தொடத்தான் உரிமை இல்லை. பள்ளிச் சேவகன் வந்து திறந்துவிட்டால் குடிக்கலாம். சேவகன் வராத நாளில் வறண்ட தொண்டையோடு வீடு திரும்ப வேண்டியதுதான். ஆசிரியர்கள் இருந்த பள்ளிதான் அது! பாடம் நடத்தினார்கள், கணக்கைத் திருத்தினார்கள், கொடுமையைத் திருத்தவில்லை. அந்தச் சிறுவன்தான் 1891 ஏப்ரல் 14-ஆம் நாள் பிறந்த பீமராவ்; பின்னாளில் உலகறிந்த டாக்டர் அம்பேத்கர்.

குடும்பம் பம்பாய்க்கு வந்தது. எல்ஃபின்ஸ்டன் உயர்பள்ளியில் இடம் கிடைத்தது. வீடோ ஒரே அறை! எனவே மாலைதோறும் பூங்காவை நாடினார் மாணவர். விளையாட வந்த கூட்டத்துக்கு நடுவே, ஏட்டிலே மூழ்கிக் கிடந்த அந்தப் பிள்ளையை ஒருவர் கவனித்தார். அவர் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர். வில்சன் உயர்பள்ளி ஆசிரியர், மராத்தி எழுத்தாளர், சீர்திருத்த நெஞ்சினர். பீமராவ் அவருடைய பள்ளி மாணவர் அல்லர். அவருடைய சாதியினரும் அல்லர். என்றாலும் அவர் விலகிப் போகவில்லை.

தேர்வு ஒன்றில் பீமராவ் தேறினார். அந்தச் சமுதாயத்தில் அவ்வளவு தூரம் எட்டிய முதற் சிறுவன்! பெரியவர்கள் பாராட்டுக் கூட்டம் நடத்த விரும்பினர். தந்தை இராம்ஜி மறுத்தார். 'புகழ்ந்தால் பையனுக்குத் தலைக்கனம் ஏறிவிடும்' என்பது அவர் அச்சம். தந்தையோடு வாதாடி இசைய வைத்தவர் கேளுஸ்கர். தலைமை தாங்கியவரும் அவரே. பேச்சை முடித்ததும், தாம் எழுதிய புத்தர் வரலாற்று நூலை மாணவர் கையிலே கொடுத்தார். மாலை வாடும், ஏடு வாடாது! தம்மைப் புத்தர்பால் திருப்பியது அந்த நூலே என்று 1956-இல் அம்பேத்கர் எழுதினார். அதே ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள், நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவினார். ஆசிரியர் அளித்த ஒரு பரிசு எவ்வளவு தொலைவு நடந்திருக்கிறது, பாருங்கள்!

1907-இல் மெட்ரிகுலேஷன் தேறினார். 750-க்கு 282 மதிப்பெண். இன்றைய கண்ணுக்கு எளிய எண்ணாகத் தோன்றலாம். வடமொழி படிக்க விரும்பியும் வாய்ப்பு மறுக்கப்பட்டுப் பாரசீகம் பயின்றவர், ஒற்றை அறையில் விளக்கொளியில் கண்விழித்தவர் பெற்ற எண் அது! கல்லூரியில் நடுவழியிலே பணமுடை வழியை மறித்தது. கேளுஸ்கர் அறிவுரை கூறிக் கைகழுவவில்லை. பரோடா மன்னர் சாயாஜிராவ் கெயிக்வாடிடம் மாணவரை அழைத்துச் சென்று நிறுத்தினார். திங்களுக்கு 25 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. கல்லூரியில் பேராசிரியர் முல்லர் நூல்களை இரவல் தந்தார்; உடையும் தந்தார். அதே கல்லூரியின் சிற்றுண்டிக்காரனோ தேநீரும் தண்ணீரும் தர மறுத்தான். 1912-இல் பி.ஏ. முடித்தார். 1913 பிப்ரவரியில் தந்தை மறைந்தார். மகனுக்குப் புத்தகம் வாங்க, மகளின் நகையை வாங்கி அடகு வைத்த தந்தை அவர்! அவ்வாண்டே மன்னரின் உதவியோடு அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே பொருளியல் அறிஞர் செலிக்மனும், தத்துவப் பேரறிஞர் ஜான் டூயியும் ஆசிரியர்களாக வாய்த்தனர். 1915-இல் எம்.ஏ. பட்டம்.

பட்டம் பெற்றாயிற்று, பழி நீங்கிற்றா? 1917-இல் பரோடா அரசுப் பணிக்கு வந்தார். அலுவலகச் சேவகர் கோப்புகளைத் தூர நின்று எறிந்தனர். தங்க வீடில்லை. பெயரை மறைத்து ஒரு பார்சி விடுதியில் தங்கினார். பதினோராம் நாள் தடியேந்திய கூட்டம் வெளியேற்றியது. பூங்கா ஒன்றில் மணிக்கணக்கில் அமர்ந்திருந்து பம்பாய்க்கு இரயிலேறினார். படிக்க இடமின்றி அன்று ஒரு பூங்கா. படித்து முடித்தபின் தங்க இடமின்றி இன்னொரு பூங்கா! ஆசிரியர் திறந்துவிட்ட கதவைச் சமுதாயம் சாத்துகிறது. இதை உணராத ஊக்கவுரை வெறும் இன்னுரை. மாணவனை உயர்த்தும் பணியும், அவனைத் தாழ்த்தும் முறையைத் தகர்க்கும் பணியும் ஒன்றே என்பது இதனால் விளங்கவில்லையா?

மனம் தளரவில்லை அவர். 1918-இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் தாமே பேராசிரியரானார். ஆசிரியர் அறையின் தண்ணீர்ப் பானையை அவர் தொடக்கூடாது என்று உடன் பணியாற்றிய சிலர் முணுமுணுத்தனர்! மாணவர்களோ அவர் வகுப்பை விரும்பி வந்தனர். 1920-இல் மீண்டும் இலண்டன் சென்றார். அங்கே அவர் எழுதிய 'ரூபாயின் சிக்கல்' என்ற ஆராய்ச்சி நூல் 1923-இல் வெளிவந்தது. அதற்கு அணிந்துரை வரைந்தவர் பேராசிரியர் எட்வின் கேனன். மாணவரின் கருத்துகள் சிலவற்றைத் தாம் ஏற்கவில்லை என்று அந்த அணிந்துரையிலேயே சொன்னார். அவற்றின் புதுமையையும் பாராட்டினார். தம்மை மறுக்கும் மாணவனுக்குத் தம் பெயரையே துணையாக அளிப்பது எத்துணைப் பெருந்தன்மை! 'நான் சொன்னதைத் திருப்பிச் சொல்' என்பவர் கிளி வளர்ப்பவர். 'நீயே சிந்தித்துச் சொல்' என்பவரன்றோ ஆசிரியர்!

அந்தக் கடனை அம்பேத்கர் மறக்கவில்லை. 1936-இல் வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' உரையில், டூயியைத் தம் ஆசிரியர் என்று நன்றியோடு குறிப்பிட்டார். 1946-இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தோற்றுவித்தார். 1952 ஜூன் 5-ஆம் நாள் கொலம்பியா பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு டாக்டர் பட்டம் அளித்தது. நான்கே நாட்களுக்கு முன்பு டூயி மறைந்திருந்தார். விழா மேடையில் மாணவர் நின்றார். பார்த்து மகிழ ஆசிரியர் இல்லை.

இப்போது நம் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. ஊக்கம் ஒரு சொல் அன்று, அது செயல். பூங்காவில் ஒரு பிள்ளையைக் கவனிக்கும் கண், கையில் வைக்கும் நூல், உதவித்தொகைக்காக ஏறும் வாசற்படி, மறுப்பவனுக்கும் தரும் அணிந்துரை இவையே ஊக்கம். நம் வகுப்பறையின் கடைசி வரிசையிலும் ஒரு பிள்ளை அமர்ந்திருக்கிறான். அவன் தாகத்தைக் கண்டும் காணாதவராக இருந்த ஆசிரியர்களின் வரிசையில் நிற்கப் போகிறோமா? கேளுஸ்கரின் வரிசையில் நிற்கப் போகிறோமா?

பட்டம் பெறும் இளைஞனே! உன்னைத் தூக்கிவிட்ட கரங்களை எண்ணிப் பார். பிறகு உன் கரத்தையும் நீட்டு. கீழே இன்னும் ஒருவன் காத்திருக்கிறான்!